கொடி இல்லாத படம்

எட்டு வருஷங்களுக்கு முன் ஒரு செக் மௌனப்படத்தைப் பற்றி இரண்டு பக்கங்கள் எழுதினேன். அதை வெளியிட்ட பத்திரிகை அந்த இதழோடு நின்றுபோயிற்று. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று நண்பர்கள் சமாதானம் சொல்கிறார்கள். கட்டுரையைப் படித்தவர்கள் இருபது பேர் இருந்தால் அதிகம். அவர்களில் எவருக்கும் அது இன்று ஞாபகமிருக்காது. எனக்கு இருக்கிறது. அதில் சொன்னதை இப்போது வாபஸ் வாங்க வேண்டியிருக்கிறது. காரணம் முழுக்கவும் விமர்சனம் சார்ந்ததல்ல என்பதால் கொஞ்சம் சுற்றிவளைத்துத்தான் சொல்ல வரும்.

படத்தின் பெயர் 'தாகொவீ யே ஜிவொத்'. இப்படித்தான் வாழ்க்கை என்று அர்த்தம். 1930-இல் வந்தது. ப்ராக் நகரத்துத் தெருக்களில், பெரும்பாலும் செக் நடிகர்களை வைத்து எடுத்திருக்கிறார்கள் என்றாலும் டைரக்டர் கார்ல் யுங்ஹான்ஸ் ஜெர்மானியர். 1897-இல் ட்ரெஸ்டனில் பிறந்தவர். இதற்கு முன் ஜெர்மன் கம்யூனிஸ்ட் கட்சிக்குப் படங்கள் தொகுத்துத் தந்தவர். காமிராவைப் பிடித்தவர் லாஸ்லோ ஷாஃபர். 1927-இல் ருட்மன் பெர்லின் நகரத்தின் ஒரு நாளைப் படமாக்கினாரே, அதில் வேலை செய்த காமிராக்காரர்களில் ஒருவர் இவர்.

கதையைச் சொல்லிவிடுவது சுலபம். ப்ராகில் ஒரு சலவைக்காரி. கணவன் கரி சுமப்பவன், வேலை போகிறது, குடிக்கிறான், மதுவிடுதியில் பரிமாறும் பெண்ணிடம் ஒட்டிக்கொள்கிறான். மகள் நகம் திருத்தும் வேலையில் இருக்கிறாள், அவளுக்கும் வேலை போகிறது, வயிற்றில் பிள்ளை. சலவைக்காரி துவைக்கிறாள். அவளுடைய பிறந்தநாளுக்கு அக்கம்பக்கத்தார் கூடுகிறார்கள். பிறகு ஒருநாள் கொதிநீர் மேலே பட்டுச் செத்துப்போகிறாள். அடக்கம் செய்கிறார்கள். அடக்கத்துக்கு வந்தவர்கள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அவ்வளவுதான்.

1930 என்பது மௌனப்படத்துக்கு வாய்க்கரிசி போட்டுவிட்ட வருஷம். அதே வருஷம் பெர்லினில் 'நீல தேவதை' மார்லீன் டீட்ரிச்சின் குரலோடு வந்துவிட்டது. செக் மொழியிலும் ஸினிமா பேச ஆரம்பித்துவிட்டது. எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்த சமயத்தில், வசன அட்டைகளைக்கூட நம்பாமல், முகத்தையும் கையையும் பாத்திரத்தையும் மட்டுமே நம்பி ஒருவர் படம் எடுத்துக்கொண்டு வந்து நின்றார். கடைசி பஸ் போன பிறகு ஸ்டாண்டுக்கு வந்து சேர்ந்த மாதிரி.

சலவைக்காரியாக நடித்தவர் வேரா பரனோவ்ஸ்கயா. இந்தப் பெயரில்தான் என் பிரச்னை ஆரம்பிக்கிறது.

பரனோவ்ஸ்கயா மாஸ்கோ கலை அரங்கிலிருந்து வந்தவர். 1926-இல் புடோவ்கின் எடுத்த 'தாய்' படத்தில் அந்தத் தாய் அவர்தான். கார்க்கியின் நாவலை ரகுநாதனின் தமிழில் நான் பி.ஏ. முதல் வருஷம் படித்தேன். வகுப்பில் வேர்ட்ஸ்வொர்த், பெஞ்சுக்கு அடியில் கார்க்கி. எங்கள் தலைமுறையிலும் அது நடந்துகொண்டுதான் இருந்தது. பிறகு படத்தைப் பார்த்தேன். செத்துக் கிடக்கும் கணவனுக்குப் பக்கத்தில் தாய் உட்கார்ந்திருக்கிறாள். பாத்திரத்தில் நீர் சொட்டிக்கொண்டிருக்கிறது. சப்தமில்லாத படத்தில் அந்தச் சொட்டு காதில் விழுகிறது. கடைசியில் ஆற்றில் பனிப்பாளங்கள் உடைந்து வர, ஊர்வலம் வர, மகன் சுடப்பட்டு விழ, தாய் கீழே கிடந்த கொடியை எடுத்து உயர்த்திக்கொண்டு குதிரைப் படையின் எதிரே நிற்கிறாள். மிதிபட்டுச் சாகிறாள். இந்தக் காட்சியைப் பார்த்து உடம்பு சிலிர்க்காதவர்களோடு எனக்குப் பல வருஷங்கள் பேச்சுவார்த்தை இல்லை.

இரண்டு வருஷம் கழித்து, 1928-இல் பரனோவ்ஸ்கயா ரஷ்யாவை விட்டு வெளியேறி செக்கோஸ்லோவாகியாவுக்கு வந்துவிட்டார். யுங்ஹான்ஸ் அவரைச் சலவைக்காரி ஆக்கினார். அதே முகம், அதே கனத்த தோள்கள். இங்கும் கணவன் குடிகாரன். ஆனால் மகன் இல்லை, ஊர்வலம் இல்லை, கொடி இல்லை. எங்கள் ஊரில் நாங்கள் நாலைந்து பேர் நடத்திவந்த ஃபிலிம் சொசைட்டியில், கிழிசல் பெட்ஷீட்டை விடக் கொஞ்சம் மேலான திரையில், இந்தப் படத்தை முதல் தடவை பார்த்துவிட்டு எனக்கு ஆத்திரம் வந்தது. அதே வாரம் எழுதினேன். புடோவ்கின் அந்தக் கையில் கொடுத்ததை யுங்ஹான்ஸ் பிடுங்கிவிட்டார் என்று எழுதினேன். இது யதார்த்தம் அல்ல, இயல்புவாதம் என்றேன். படத்தின் தலைப்பே ஒரு சரணாகதி என்றேன். 'பிரக்ஞை' என்ற வார்த்தை இரண்டு பக்கங்களில் ஒன்பது தடவை வருகிறது. எண்ணிப் பார்த்தேன்.

யூனியனில் இருக்கும் நண்பர் ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போனார். "இந்த யுங்ஹான்ஸ் பின்னால் என்ன ஆனான் தெரியுமா? 1936-இல் ஜெர்மனியில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்ஸை நாஜி அரசாங்கத்துக்குப் படமாக்கிக் கொடுத்தான். அம்மா கையிலிருந்து கொடியைப் பிடுங்குகிறவன் கடைசியில் எந்தக் கொடிக்குக் கீழே போய் நிற்பான் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?" அவர் சொன்ன தகவல் உண்மை. யுங்ஹான்ஸ் பிறகு அமெரிக்கா போனதும், 1984-இல் செத்ததும் வேறு கதை. நான் அப்போது தலையாட்டினேன். கட்டுரையின் கடைசிப் பத்தி அவர் உபயம்.

இதெல்லாம் நடந்த அதே மாதம் வங்கியில் ஒரு விஷயம் நடந்தது. சொல்லாமல் இதற்கு மேல் போக முடியாது.

நான் அந்தக் கிளைக்கு மாற்றலாகி மூன்று வாரங்கள்தான் ஆகியிருந்தன. அம்மா ஊரில் இருந்தாள். அம்மா மூன்று வீடுகளில் துணி துவைத்து, பாத்திரம் தேய்த்து என்னைப் படிக்கவைத்தவள். எனக்கு வேலை கிடைத்தபின் இரண்டு வீடுகளை விட்டாள். ஒன்றை விடமாட்டேன் என்றாள். அவளுடைய கணக்கில் ஆதார் சேர்க்க வேண்டுமென்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எனக்குச் சொல்லாமல், பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு, பஸ் ஏறி, நான் இருக்கிற கிளைக்கே வந்துவிட்டாள். மகன் இருக்கிற பேங்கு என்ற பெருமை. அடுத்த கவுண்டரில் கைரேகைக் கருவி. அம்மா விரலை வைக்கிறாள், பதியவில்லை. அடுத்த விரல், பதியவில்லை. பத்து விரலும் பார்த்தாயிற்று. சவுக்காரமும் சோடா உப்பும் சாம்பலும் முப்பது வருஷத்தில் ரேகையைத் தின்றுவிட்டிருந்தன. இப்படிப்பட்ட விரல்கள் தினமும் நாலைந்து வரும். ஓட்டல் பாத்திரம் தேய்ப்பவர்கள், செங்கல் சூளைக்காரர்கள், பீடி சுற்றுகிறவர்கள். கவுண்டரில் இருந்தவர் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்: "கையை நல்லாத் துடைச்சிட்டு வைம்மா. என்ன வேலை செய்யிறே நீ?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் எழுந்து போனேன். "கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க, தெரிஞ்சவங்க" என்றேன்.

தெரிஞ்சவங்க. பொய் என்று சொல்ல முடியாது. அம்மா என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "சரிங்க சார், நான் இன்னொரு நாள் வாரேன்" என்று என்னிடம்தான் சொன்னாள். கவுண்டரில் இருந்தவரிடம் அல்ல.

அன்று ராத்திரிதான் கட்டுரையைச் செப்பனிட்டு அனுப்பினேன். சலவைக்காரியின் கையில் கொடி ஏன் இல்லை என்று கேட்ட கட்டுரை.

இதைப் பிராயச்சித்தமாக எழுதவில்லை. அம்மாவும் நானும் அதைப் பற்றிப் பேசியதில்லை. இனிப் பேசவும் மாட்டோம். இப்போது அம்மா என்னோடுதான் இருக்கிறாள். போன ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. வங்கிக்கு ஒரு நாள் லீவு விட்டார்கள். நண்பர் ஒருவர் அந்தப் படத்தின் நல்ல பிரதியொன்றை அனுப்பியிருந்தார். கம்ப்யூட்டரில் போட்டேன். வாத்திய இசையை நிறுத்திவிட்டேன். மழைச் சத்தம் போதுமாயிருந்தது. அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள். உட்கார்ந்தாள். முழுப்படமும் பார்த்தாள்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. டெலிவிஷனில் வெளிமொழிப் படங்கள் ஓடினால் எழுந்து போய்விடுவாள். இந்தப் படம் அவளை எழுந்துபோக விடவில்லை. யுங்ஹான்ஸ் பேச்சையும் எழுத்தையும் ஒதுக்கியதை நான் பழைய கட்டுரையில் 'உருவச் சோதனை' என்று இரண்டு வரியில் கடந்துபோயிருந்தேன். படிக்கத் தெரியாத ஒருத்தி இதைப் பார்க்க உட்காரலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. 1930-இல் ப்ராகிலோ பெர்லினிலோ யாரோ ஒரு சலவைக்காரி உட்கார்ந்து பார்த்திருந்தால் அவளுக்கும் இதைப் புரியவைக்க யாரும் தேவைப்பட்டிருக்காது.

பரனோவ்ஸ்கயா தொட்டியருகே நிற்கிறார். நீராவி. அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இவ தொவைக்கிறவ இல்ல. ஆனா தொவைக்கிறவள உக்காந்து பாத்திருக்கா."

மாஸ்கோ கலை அரங்கைப் பற்றி, ஸ்டானிஸ்லாவ்ஸ்கியின் நடிப்பு முறை பற்றி நான் ஆங்கிலத்தில் நிறையப் படித்திருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

மகள் கனவான்களின் நகத்தைத் திருத்தும் இடத்தில் அம்மா சிரித்துவிட்டாள். "நகத்துக்கா? இதுக்குத் துட்டு குடுப்பாங்களா?" என்றாள். கொடுப்பார்கள் என்றேன். ஒரே வீட்டில் ஒரு கை சோடாவில் வெந்துகொண்டிருக்க, இன்னொரு கை ஊரார் விரலுக்குப் பளபளப்பு ஏற்றுகிறது. இதை யுங்ஹான்ஸ் அடிக்கோடிட்டுக் காட்டுவதில்லை. அவளும் வேலைக்குப் போகிறாள், இவளும் வேலைக்குப் போகிறாள், அவ்வளவுதான். ஐஸன்ஸ்டைனாக இருந்தால் இரண்டு கைகளையும் மோதவிட்டு நம் தலையில் ஒரு குட்டு வைத்திருப்பார் என்று தோன்றுகிறது.

கணவனைப் பற்றி அம்மா அபிப்பிராயம் எதுவும் சொல்லவில்லை. அந்த வகையில் அவளுக்குப் புதிதாகத் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. பிஷ்டெக் பெரிய உடம்புக்காரர். அந்த உடம்பு கரி மூட்டைக்காகவே வளர்ந்தது போலவும், மூட்டை இல்லாதபோது அதை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாதது போலவும் நடக்கிறார். வலெஸ்கா கெர்ட் பெர்லினில் பேர்போன நடனக்காரி. பாப்ஸ்டின் படங்களிலும் வந்தவர். விடுதிப் பெண்ணாகக் கொஞ்சம் மிகையாகச் செய்கிறார் என்றே இப்போதும் படுகிறது. தையற்காரராக வரும் பிளாக்தா செக் ஸினிமாவின் நகைச்சுவை நடிகர். பிறந்தநாள் காட்சியின் வெதுவெதுப்புக்குப் பாதிக் காரணம் அவர். இடையில் ஒரு தகவல்: படத்தில் அப்பாவும் மகளுமாக நடித்த பிஷ்டெக்கும் ஜெனீஷ்கோவாவும் நிஜத்தில் கணவன் மனைவி. 1932-இல் அவர்களுக்குப் பிறந்த பிள்ளை தகப்பன் பேரையே சுமந்தவர். 1984-இல் வந்த மிலோஷ் ஃபார்மனின் 'அமெடியஸ்' படத்துக்கு உடைகள் வடிவமைத்து ஆஸ்கர் வாங்கினார். சலவைக்காரி குடும்பத்தின் வாரிசுக்குத் துணிமணி விஷயத்தில் பரிசு! ஒன்றுக்கும் உதவாத தகவல்தான், எனக்குப் பிடித்திருக்கிறது.

கொதிநீர் விபத்து வந்தபோது அம்மா "ஐயோ" என்று சொல்லவில்லை. வெங்காயத் தட்டைத் தள்ளி வைத்தாள். "கொதிக்கிற தண்ணிகிட்ட தனியா நிக்கக் கூடாது" என்றாள். ஏதோ அந்தப் பெண் பக்கத்து வீட்டில் இருப்பதுபோல.

பழைய கட்டுரையில் இந்தச் சாவை 'தற்செயல்' என்று குறை சொல்லியிருந்தேன். புடோவ்கினின் தாய் வரலாற்றின் குளம்படியில் சாகிறாள். இவள் வெறும் வெந்நீரில். துயரநாடகத்துக்குத் தற்செயல் ஆகாது என்று அரிஸ்டாட்டிலைத் துணைக்கு அழைத்திருந்தேன். பி.ஏ. ஆங்கிலம் படித்தவனுக்கு அரிஸ்டாட்டில் எப்போதும் கைக்கெட்டும் தூரத்திலேயே இருப்பார். கொதிநீரோடு முப்பது வருஷம் இருந்தவளுக்கு அதில் தற்செயல் ஒன்றும் தெரியவில்லை. வேலை என்றால் அதற்குள்ளேயே அது இருக்கிறது. கணக்குப் பார்த்தால் எப்போதாவது வரத்தானே வேண்டும்.

நண்பரின் வாதத்துக்கும் பதில் சொல்லவேண்டும். யுங்ஹான்ஸின் 1936-ஐ நான் மறைக்கவில்லை. ஆனால் இதே காலத்தில் வந்த இன்னொரு படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1929-இல் பீல் யுட்ஸி எடுத்த 'மதர் க்ராவுஸனின் சுகப் பயணம்'. பெர்லினில் ஒரு ஏழைத் தாய், பேப்பர் விற்பவள். கடைசியில் காஸைத் திறந்துவிட்டுத் தற்கொலை செய்துகொள்கிறாள். மகள் தொழிலாளர் ஊர்வலத்தில் சேர்ந்து நடக்கிறாள். நண்பர் கேட்கிற எல்லாம் அதில் இருக்கிறது: ஊர்வலம், வழி, நாளை. நல்ல படம்தான். ஆனால் அதை எடுத்த யுட்ஸி 1933-இல் நாஜிக் கட்சியில் உறுப்பினராகவே சேர்ந்துவிட்டார். படத்தில் ஊர்வலம் வைத்தது எடுத்தவரைக் காப்பாற்றவில்லை. ஆகவே கொடி இருந்ததா இல்லையா என்பதை வைத்துக் கலைஞனின் ஜாதகத்தைக் கணிப்பது நடக்காத காரியம். இதை நண்பரிடம் சொன்னேன். "அப்போ கொடியே வேண்டாம்கிறியா?" என்றார். அவருக்கு இது கோபமில்லை, வருத்தம்.

அப்படிச் சொல்லவில்லை. புடோவ்கினின் கடைசிக் காட்சி இன்றும் என்னைச் சிலிர்க்க வைக்கிறது. ஆனால் அந்தப் படத்தில் தாயின் அன்றாடம் ஒரு முன்னுரை. எப்போது விழித்துக்கொள்வாள் என்று நாம் காத்திருக்கிறோம். யுங்ஹான்ஸிடம் காத்திருப்பதற்கு எதுவும் இல்லை. ஆகவே துவைப்பதைப் பார்க்கத்தான் வேண்டும். முதல் தடவை நான் பார்க்கவில்லை. அவள் கையைப் பார்க்க முடியாமல், அந்தக் கையில் எதையாவது வைத்து மூடச் சொல்லி டைரக்டரைக் கேட்டிருக்கிறேன். கொடி என்பது எனக்கு அப்போது அதற்குத்தான் உபயோகப்பட்டது. எல்லோருக்கும் அப்படி என்று சொல்ல எனக்கு உரிமையில்லை.

தலைப்பு விஷயமும் அப்படியே. 'இப்படித்தான் வாழ்க்கை' என்று படத்தில் சலவைக்காரி எங்கே சொல்கிறாள்? அவளுக்கு அதற்கு நேரமில்லை. அது இழவுச் சாப்பாட்டில் உட்கார்ந்திருப்பவர்களின் வாக்கியம். கல்லறைத் தோட்டத்திலிருந்து வந்து, கோட்டைத் தளர்த்திக்கொண்டு, சூப்பில் கரண்டியை விடும்போது வரும் வாக்கியம். அந்தச் சாப்பாட்டில் முகங்கள் கொஞ்சம் கொஞ்சமாக இளகுவதை யுங்ஹான்ஸ் பொறுமையாகப் பார்க்கிறார். அவர்கள்மேல் காமிராவுக்குக் கோபமில்லை. பசித்தவர்கள் சாப்பிடுகிறார்கள். தலைப்பு அவர்களுடையது, நானும் அந்த மேஜையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து அதையே படத்தின் தத்துவம் என்று எழுதிவிட்டேன்.

நண்பரோடு ஃபோனில் இதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது அம்மா அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள் போலிருக்கிறது. ஃபோனை வைத்ததும், "என்னய்யா, கொடி கொடிங்க?" என்றாள். அந்தப் படத்தில் கொடி இல்லை என்று இவர் சொல்கிறார் என்றேன்.

"ஆமா. அந்தக் குளிர்ல எங்க போயிக் கொடி கட்டிக் காயப்போடுவா, பாவம்" என்றாள்.

திருத்தவில்லை. திருத்துவதற்கு எதுவும் இருப்பதாகவும் படவில்லை.

படம் முடிந்த அன்று அவள் கேட்ட ஒன்றுக்கு மட்டும் இன்னும் பதில் சொல்லவில்லை. திரை இருண்டு, எழுந்து வெங்காயத் தட்டை எடுத்துக்கொண்டு, கதவுப் பக்கம் போனவள் நின்றாள்.

"அந்தத் துணியெல்லாம் யாருதுய்யா?"

"எந்தத் துணி?"

"அவ தொவைச்சுக்கிட்டிருந்தால்லா. பாதியில கெடந்திருக்குமே. யாரு அலசிக் கொண்டுபோயிக் குடுத்தா? மகளா?"

தெரியவில்லை, படத்தில் காட்டவில்லை என்றேன்.

"அந்த மட்டுக்குக் கூலி குடுத்திருப்பாங்களா?"